தூண்களைத் தேடிச் சென்ற ஒரு நாள்

ஆசிரியத் தொழிலில் ஓர் அபாயம் உண்டு. வகுப்பறையை விட்டு வெளியே வந்த பின்னரும் வாய் சும்மா இருப்பதில்லை. சென்ற தைப்பொங்கலன்று நண்பர் ஒருவர் குடும்பத்துடன் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் கணக்காளர். அவருடைய மகனுக்கு வயது பன்னிரண்டு. உரோமாபுரியின் படங்கள் நிறைந்த புத்தகமொன்றை என் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, பொங்கல் ஆறுவதையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். வானைத் தாங்குவன போல் நின்ற தூண்களும் கூரையிழந்த மண்டபங்களும் அவன் மனத்தைக் கொள்ளைகொண்டுவிட்டன.

“மாமா, இவற்றைப் பார்க்க இத்தாலிக்குத்தான் போக வேண்டுமா?” என்று கேட்டான்.

“அவ்வளவு தூரம் எதற்கு? உரோமர் வந்துபோன இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மன்னாருக்குப் போனாற் போதும்” என்றேன்.

சொன்னவன் மறந்துவிட்டேன், கேட்டவன் மறக்கவில்லை. வாரந்தோறும் தந்தையைத் துளைத்தெடுத்திருக்கிறான். தந்தை என்னைத் துளைத்தார். ஈற்றில் மாசிப் பூரணை விடுமுறையன்று போய்வருவதென்று முடிவாயிற்று. வெள்ளவத்தையில் மருந்தகம் நடத்தும் எங்கள் மற்றொரு நண்பரையும் அழைத்தோம். நாங்கள் மூவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதியில் வாழ்ந்தவர்கள். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் முஸ்லிம், நான் இந்து. விடுதிக் காலத்தில் மூன்று பண்டிகைப் பலகாரங்களுக்கும் மூவரும் பங்காளிகள். மருந்தக நண்பரின் பிறந்த ஊர் மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறை. ஆனால், அவர் அதைப் பற்றி அதிகம் பேசுபவரல்லர். “வருகிறேன்; மாலையில் எங்கள் ஊர்ப்பக்கமும் ஒரு தரம் போய்வர வேண்டும்” என்று மட்டும் சொன்னார்.

இரவுப் பிரயாணம்

பூரணைக்கு முன்தினம் இரவு பத்து மணிக்கு வெள்ளவத்தையில் வான் புறப்பட்டது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தின் அருகே தந்தையும் மகனும் ஏறிக்கொண்டனர். மூன்று வீட்டுச் சமையலறைகளும் எங்களோடு பிரயாணம் செய்தன. என் மனைவி புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டித் தந்திருந்தாள். கணக்காளர் வீட்டிலிருந்து மாலு பாண் வந்தது. மருந்தக நண்பர் வீட்டிலிருந்து வந்த தொதல், நீர்கொழும்பைத் தாண்டுமுன்னரே பாதியாகிவிட்டது.

நள்ளிரவு கழிந்து புத்தளத்தில் தேநீர் அருந்தினோம். “நான் படித்து வளர்ந்த ஊர் இது” என்று மருந்தக நண்பர் பையனிடம் சொன்னார். “சிலாவத்துறை என்றல்லவா அப்பா சொன்னார்?” என்று பையன் கேட்டான். “அது பிறந்த ஊர். பத்து வயதில் அங்கிருந்து வந்துவிட்டோம்” என்றார். அதற்கு மேல் பையனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன் என்று ஊர்கள் உறக்கத்திலே கழிந்தன. விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. வீதியோரத்தில் கட்டுக்கரைக் குளம் கடல்போல் விரிந்து கிடந்தது. நீர்க்காகங்கள் பட்ட மரங்களின் மேல் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. மன்னார் வறண்ட பூமியென்று நினைப்பவர்கள், பழங்காலத்தார் இங்கே தேக்கிவைத்த இந்நீரை ஒருமுறையாவது காண வேண்டும். பெருந்துறைமுகத்துக்குக் கப்பல்கள் மட்டும் இருந்தாற் போதாது. வந்திறங்குவோருக்குச் சோறு போட வயலும், வயலுக்கு நீர் தரக் குளமும் வேண்டும்.

மாதோட்ட நன்னகர்

திருக்கேதீஸ்வரத்தை அடைந்தபோது காலைப் பூசைக்கு மணி ஒலித்தது. பாலாவியில் நீராடிக் கோயிலுக்குள் சென்றேன். நண்பர்கள் இருவரும் பையனுடன் தீர்த்தக்கரை மரநிழலில் அமர்ந்திருந்தனர்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் காலத்தில் தரைமட்டமாக்கப்பட்டு, காடு மூடி, இருந்த இடமே மறைந்து போயிற்று. ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டில் இதனைப் புதுப்பிக்க வேண்டுமென்று சைவ மக்களுக்கு விண்ணப்பம் செய்தார். 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் அப்பணிக்கே தம் வாழ்வின் பிற்பகுதியை அர்ப்பணித்தார். போர்க்காலத்தில் மீண்டும் பூசைகள் தடைப்பட்டன. பின்னர் இந்திய உதவியுடன் கருங்கற் றிருப்பணி நிறைவேறி, 2022இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இவற்றையெல்லாம் நம் சைவப் பெருமக்கள் அறிவர். ஆனால், கோயிலைச் சூழவுள்ள பூமியே ஒரு பழைய நகரம் என்பதைக் கும்பிட்டுத் திரும்புவோரிற் பலர் அறியார். நானும் சிறு வயதில் சிவராத்திரிக்கு வந்தபோது அறிந்தவனல்லேன்.

பூசை முடிந்ததும் பையனை அழைத்துக்கொண்டு மேட்டின் மீது நடந்தேன். முட்செடிகளும் புல்லும் படர்ந்த மேடு. அதைச் சுற்றிக் குதிரை இலாடம் போல வளைந்து செல்லும் இரட்டை அகழியின் தடம். கால் வைத்த இடமெல்லாம் சட்டி பானைச் சில்லுகள். வேறொன்றும் இல்லை. பையன் நாற்புறமும் பார்த்தான். நெற்றியில் கை வைத்துத் தூரத்திலும் பார்த்தான்.

“மாமா, தூண் எங்கே?”

இக்கேள்விக்குத்தான் நான் கொழும்பிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். “தூண் இல்லை, தம்பி” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. இரவெல்லாம் கண்விழித்து வந்தவனல்லவா! கணக்காளர் நண்பர் என்னைப் பார்த்து, “மாஸ்டர், கணக்கை இப்போது நீர்தான் நேர்செய்ய வேண்டும்” என்று சொல்லிச் சிரித்தார். மர நிழலொன்றில் எல்லோரும் அமர்ந்தோம்.

மூன்று சாட்சிகள்

உரோமர் இங்கே மாளிகை கட்டி வாழவில்லை. அவர்கள் வந்தது வாணிகத்துக்காக. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சேதுவின் மணற்றிட்டுகள் குறுக்கிடுவதால் பெரிய கப்பல்கள் அவ்வழியே செல்ல இயலாது. ஆகவே மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் கைமாறும் சந்தையாக மாதோட்டம் விளங்கிற்று. இங்கிருந்து அருவியாற்றின் பள்ளத்தாக்கு வழியே தலைநகராகிய அநுராதபுரத்துக்குப் போகலாம். பாளி நூல்கள் இதனை மகாதித்த என்னும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் புவியியல் நூல் எழுதிய தொலமி, இத்தீவிற் குறித்துள்ள ‘மொடுட்டு’ என்னும் வாணிகத் துறையும் மாதோட்டமே என்று கருதுவோர் உளர்.

முதலாவது சாட்சி ஒரு புத்தகம். உரோம அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிய ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில் ஒரு செய்தி உண்டு. செங்கடலில் வரி அறவிடும் குத்தகை பெற்றிருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தபோது காற்றில் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ‘ஹிப்புரோஸ்’ என்னும் துறையில் வந்து ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவனிடமிருந்த வெள்ளி நாணயங்களை அரசன் நிறுத்துப் பார்த்தானாம். அவற்றிலே வெவ்வேறு பேரரசர்களின் உருவங்கள் இருந்தன. ஆனால் நிறையோ எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தது. அரசர் மாறினும் நேர்மை மாறாத நாடு என்று வியந்து, குளோடியஸ் பேரரசனிடம் நான்கு தூதரை அனுப்பினான். தூதர் தலைவனின் பெயரை ‘ராகியாஸ்’ என்று பிளினி எழுதுகிறார். அது ‘இராசையா’ என்பதன் திரிபென்று கருதியவரும் உண்டு.

“எங்கள் ஒழுங்கையிலும் ஒரு இராசையா இருக்கிறார்” என்று பையன் குறுக்கிட்டான். அவன் முகத்தில் சற்று வெளிச்சம் வந்திருந்தது.

கிரேக்க மொழியிற் குதிரையை ‘ஹிப்போஸ்’ என்பர். மாதோட்டத்துக்குத் தெற்கே வில்பத்துக் காட்டின் கடலோரத்திலே குதிரைமலை என்றொரு முனை இருக்கிறது. அதுவே பிளினி கூறும் துறையாகலாம் என்பது பலர் கருத்து. இக்கதை வெறுங் கற்பனையுமன்று. எகிப்தியப் பாலைவனத்திலே செங்கடற் றுறைமுகத்துக்குச் செல்லும் வழியில், அதே பிளோகாமஸின் அடிமையொருவன் தன் பெயரைப் பாறையிற் பொறித்திருக்கிறான். அதன் காலம் கி.பி. 6. ஆகவே பிளோகாமஸ் வாழ்ந்த மனிதரே.

இரண்டாவது சாட்சி நாணயம். 1574 அல்லது 1575ஆம் ஆண்டில் மன்னார்த் தளபதியாயிருந்த போர்த்துக்கேயர் ஒருவர், மாதோட்டத்திற் பழைய கட்டடங்களை இடிப்பித்தபோது அடியிலே இரு நாணயங்கள் கிடைத்தன. ஒன்று தேய்ந்த செம்பு. மற்றொன்று ஓர் ஆணின் உருவமும் சில உரோம எழுத்துகளும் தெரிந்த பொன். இதனை வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ எழுதிவைத்துள்ளார். இலங்கையின் பல பகுதிகளிற் கிடைக்கும் உரோம நாணயங்களிற் பெரும்பாலானவை நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். பொன்னைவிடச் செம்பு அதிகம் கிடைப்பதிலும் பொருளுண்டு. அரசனின் பெட்டகத்துக்குப் போவது பொன். கடைத்தெருவிற் புழங்குவது செப்புக்காசு.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது கோதுமை.

இம்மேட்டை 1920களிலே தொல்பொருள் ஆணையாளர் ஹோகார்ட் தோண்டிப் பார்த்தார். 1950ஐ அடுத்து சண்முகநாதனும், 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினரும் ஆராய்ந்தனர். போர் அப்பணியை நிறுத்திற்று. போர் முடிந்த 2009ஐ அடுத்து மீண்டும் அகழ்ந்தபோது, மண்ணைச் சலித்து, நீரிலே மிதக்கவிட்டு, கருகிய தானியங்களைப் பொறுக்கியெடுத்தார்கள். அவ்வாராய்ச்சி 2018இல் வெளியாயிற்று. நெல் இருந்தது. மிளகு இருந்தது. கிழக்கே மொலுக்காத் தீவுகளில் மட்டும் அக்காலத்தில் விளைந்த கராம்பு ஒன்று இருந்தது. அவற்றோடு ஏறத்தாழ கி.பி. 100 முதல் 200 வரையான காலத்தைச் சேர்ந்த கோதுமை மணிகளும் இருந்தன. இந்த வெப்ப பூமியிலே கோதுமை விளையாது. எவனோ ஒரு மாலுமியோ வணிகனோ, தன் ஊர்ச் சாப்பாட்டின் மேலுள்ள ஆசையால், கடல் கடந்து அதைக் கொண்டுவந்திருக்கிறான். அரேபியாவிலிருந்தோ உரோமரின் எகிப்திலிருந்தோ வந்திருக்கலாம்.

“நாமும் புளிச்சாதம் கட்டிக்கொண்டுதானே வந்தோம்” என்றார் மருந்தக நண்பர். எல்லோரும் சிரித்தோம். பையன் மட்டும் சிரிக்கவில்லை. தன் காலடி மண்ணை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

பொன்னும் வெள்ளியும்

மாணவர்கள் விரும்பும் இன்னொரு கதையையும் அங்கே சொன்னேன். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து வணிகராயிருந்து, பின்னர் துறவியான கொஸ்மாஸ் என்பவர் எழுதிவைத்த கதை அது. சோபாத்ரோஸ் என்ற உரோம வணிகனும் பாரசீக வணிகனொருவனும் ஒரே வேளையில் இலங்கைத் துறையொன்றில் வந்திறங்கினர். அரசன் அவர்களை அழைத்து, “உங்கள் இருவரின் மன்னரில் யார் பெரியவர்?” என்று வினவினான். பாரசீகன் முந்திக்கொண்டு தன் மன்னனைப் புகழ்ந்தான். சோபாத்ரோஸோ, “மன்னர் இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இரு நாட்டு நாணயங்களையும் அரசன் முன் வைத்தான். பாரசீக நாணயம் வெள்ளி. உரோம நாணயம் பசும்பொன். அரசன் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தத் துறையென்று கொஸ்மாஸ் சொல்லவில்லை. மாதோட்டமே என்று பலர் எண்ணுவர்.

கணக்காளர் நண்பருக்கு இக்கதை மிகவும் பிடித்துவிட்டது. “நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் இருப்பது சும்மா இல்லை” என்றார். நாற்பது நிமிடம் சொன்னதை அவர் ஒரு வரியிற் சொல்லி முடித்துவிட்டார்.

எழுந்து நடந்தபோது பையன் குனிந்து எதையோ எடுத்தான். விரல்நகம் அளவான மெல்லிய சாம்பல் நிற ஓட்டுத் துண்டு. அதன் மேல் வட்டமாக ஓடும் சிறு புள்ளிப் பள்ளங்கள் இருப்பதாகத் தோன்றிற்று. அவ்வகைக் கலங்கள் இங்கே அகழ்வில் வெளிப்பட்டுள்ளன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மோர்ட்டிமர் வீலர், இவ்வகைக் கலம் மேல்நாட்டிலிருந்து வந்ததென்று எண்ணினார். அது இந்திய மண்ணிலே வனையப்பட்டதென்பதே இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபு.

“இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?” என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னால், அவனைச் சமாதானப்படுத்த அதுவே எளிய வழி. யாரும் பார்க்கவில்லை. தூணுக்குப் பதில் ஓர் ஓடு! ஒரு கணம் என் மனமும் தடுமாறிற்று. ஆயினும், “கூடாது, தம்பி” என்றேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய இடங்களைக் காக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஓடு பேசுவது தனியாக அன்று. தான் கிடந்த மண்ணோடும், பக்கத்தில் கிடந்த கரியோடும், மேலும் கீழும் கிடந்த மற்ற ஓடுகளோடும் சேர்ந்துதான் அது பேசும். அலுமாரியில் வைத்தால் ஊமையாகிவிடும். அந்தக் கோதுமை மணியை யாராவது சட்டைப்பையில் இட்டுப் போயிருந்தால், அது வெறுங் கோதுமை மணிதானே!

பையன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு எடுத்த இடத்தைத் தேடிக் கண்டு, எடுத்தபடியே வைத்தான். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று எனக்குத் தோன்றிய நேரம் அது.

கடலோரத்துத் தூண்கள்

நண்பகலில் அரிப்பை நோக்கிச் சென்றோம். வங்காலைக் கழிமுகத்திலே பூநாரைகள் கூட்டமாக நின்றன. அருவியாற்றுப் பாலத்தைக் கடந்தோம். அநுராதபுரத்தைத் தழுவி வரும் ஆறு இங்கேதான் கடலைச் சேர்கிறது. சிங்களத்தில் மல்வத்து ஓயா, தமிழில் அருவியாறு, ஆறு ஒன்றுதான்.

அரிப்புக் கடலோரத்து மேட்டை அணுகியதும் பையன் வானுக்குள்ளேயே துள்ளி எழுந்தான். “தூண்! மாமா, தூண்!”

உண்மைதான். கடலைப் பார்த்தபடி உயர்ந்த செங்கற் சுவர்கள்; சிதைந்த தூண்கள்; கூரையில்லா அறைகள்; அவற்றுக்கு அப்பால் நீலக் கடல். அவன் புத்தகத்திற் கண்ட படமே எழுந்து நின்றது போலிருந்தது. ஆனால் இது உரோமர் கட்டியதன்று. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த், 1801ஐ அடுத்த ஆண்டுகளில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டிய மாளிகை இது. அவர் கிரேக்கக் கலைமேல் தீராக் காதல் கொண்டவர். பிற்காலத்தில் கோர்பூத் தீவிலே கிரேக்கருக்கு ஒரு கலாசாலையும் நிறுவினார். ஆகவே டோரிக் என்னும் கிரேக்கத் தூண்முறையில் இதை அமைப்பித்தார். அதனால் ‘டோரிக்’ என்ற பெயரே மாளிகைக்கு நிலைத்துவிட்டது. செங்கல்லாற் கட்டிச் சுண்ணச் சாந்து பூசி, வெண்பளிங்கு போலத் தோன்றச் செய்தார்கள்.

“அப்படியானால் தூண் இருக்கும் இடத்தில் உரோமர் இல்லை, உரோமர் வந்த இடத்தில் தூண் இல்லை” என்றான் பையன். நான் பத்து வருடம் பாடம் நடத்தினாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

எனினும் உரோமர்க்கும் இக்கடலுக்கும் உறவில்லாமற் போகவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்களை விரும்பி வாங்கியவர்களுள் உரோமாபுரிச் சீமாட்டிகளும் அடங்குவர். இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்தர்ஸ் பணத்தை உரோமரிடமிருந்து கவர்ந்துகொள்கின்றன என்றும், நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு வைக்கும் செலவு இது என்றும் பிளினி மனம் நொந்து எழுதினார். பதினேழு நூற்றாண்டு கழித்து அதே முத்து, ஆங்கிலத் தேசாதிபதியையும் இந்த வெம்மணலுக்கு இழுத்து வந்தது. இன்று முத்துக்குளிப்பும் இல்லை, மாளிகையும் இல்லை. கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. மாளிகையின் பெரும்பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது. மாதோட்டத்தை மண் மூடிக் காத்தது. டோரிக்கைக் கடல் தின்கிறது.

கடலில் இறங்கிக் குளித்தோம். நீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வர வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. கணக்காளர் நண்பர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு நண்டுக்குப் பயந்து குதித்த காட்சியை இங்கே விவரிப்பது நட்புக்கு அழகன்று. கரையேறி, புளிச்சாதத்தையும் மாலு பாணையும் பகிர்ந்து உண்டோம். கடற்காற்றிலே எல்லாமே மணலோடு கலந்து ருசித்தன.

மூன்றாவது இடிபாடு

வெயில் தாழ்ந்தபின் மருந்தக நண்பர், “இனி எங்கள் ஊர்” என்றார். சிலாவத்துறை அங்கிருந்து கிட்டத்தான் இருக்கிறது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் சில நாள்களுள் வீடு வாசல்களை விட்டு நீங்கினர். பெருந்தொகையினர் புத்தளத்தில் அகதிகளாயினர். இவை சரித்திரப் புத்தகத்தில் இடம்பெற வேண்டிய உண்மைகள். நான் வகுப்பிற் சொல்வதுண்டு. ஆனால் அன்று மாலை அந்த ஒழுங்கையில் நடந்தபோதுதான், இருபத்தைந்து ஆண்டுகளாக நண்பராயிருக்கும் ஒருவரிடம் அதைப் பற்றி ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை என்பது எனக்கு உறைத்தது.

போர் முடிந்தபின் உறவினர் சிலர் திரும்பிவந்து புதிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். நண்பரின் வீடு இருந்த வளவில் எவரும் குடியேறவில்லை. இடுப்பளவு உயரத்தில் இரு சுவர்கள் நின்றன. நடுவே ஒரு மரம் வளர்ந்திருந்தது. கிணறு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. “இது சமையலறை. இங்கேதான் உம்மா மாவிடிப்பா. அது வாசல்” என்று அவர் பையனுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். அவர் குரலில் துக்கம் தெரியவில்லை. மாதோட்டத்திலே நான் அகழியைக் காட்டியதுபோலவே அவரும் காட்டினார்.

சமையலறை மூலையிற் பையன் குனிந்தான். நீலப்பூ வரைந்த பீங்கான் கோப்பையின் உடைந்த துண்டு. எடுப்பதற்குக் கை நீட்டியவன், நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“எடு வாப்பா. இது சட்டத்துக்குள் வராது” என்றார் நண்பர்.

“இது கிடந்த இடத்திலேயே இருந்தால்தானே பேசும்?” என்று கேட்டான் பையன்.

அவர் பதில் சொல்லவில்லை. தாமே குனிந்து அத்துண்டை எடுத்து, மண்ணைத் துடைத்துப் பார்த்தார். “இதைப் பற்றிப் பேச நான் இருக்கிறேன்” என்று சொல்லிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

எனக்கு அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. “இத்தனை காலம் கேட்காமல் இருந்துவிட்டேன்” என்றேன். “கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்கு வந்தீர்களே, அது போதும்” என்றார். கணக்காளர் நண்பர் கிணற்றில் நீர் அள்ளித் தந்தார். நீர் சற்று உவர்ப்பாக இருந்தது, எல்லோரும் குடித்தோம்.

திரும்பும் வழியில்

ஒரே நாளில் மூன்று இடிபாடுகளைக் கண்டோம். ஒன்று இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஒன்று இருநூறு ஆண்டு. ஒன்று என் வயதைவிடவும் குறைந்தது. முதலாவதைத் தேடி அறிஞர்கள் கடல்கடந்து வருகிறார்கள். இரண்டாவதைப் படம் பிடிக்கப் பிரயாணிகள் வருகிறார்கள். மூன்றாவதைக் காண வருவோர் அதில் வாழ்ந்தவர்கள் மட்டுமே. மாதோட்டம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தழைத்தது எதனால் என்று எண்ணிப் பார்த்தேன். பாரசீகக் கலமும் சீனப் பீங்கானும் தமிழகத்து ஓடும் அந்த மேட்டிலே ஒன்றாகக் கிடக்கின்றன. வந்தவன் எந்த நாட்டவன், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுபவன் என்று கேட்டுத் துரத்தியிருந்தால், அங்கே ஒரு கோதுமை மணியும் மிஞ்சியிராது.

வாசகர்களும் குடும்பத்துடன் ஒருமுறை சென்று வரலாம். வெயில் கடுமையாதலால் காலையிலேயே மேட்டைப் பார்த்துவிடுவது நன்று. நல்ல பாதரட்சையும் போதிய குடிநீரும் அவசியம். டோரிக் மாளிகையின் சுவர்களுக்கு அருகே பிள்ளைகளை விடாதீர்கள். மாதோட்டத்து மண்ணிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். உங்களோடு வரும் நண்பருக்கு அப்பக்கத்தில் ஓர் ஊர் இருந்தால், அங்கேயும் வண்டியை நிறுத்துங்கள்.

நள்ளிரவு கடந்து கொட்டாஞ்சேனையை அடைந்தோம். தந்தையின் தோளில் உறங்கிக்கொண்டிருந்த பையன், இறங்கும்போது விழித்துக்கொண்டான். “மாமா, அடுத்த முறை எங்கே?” என்று கேட்டான்.

நான் ஒன்றும் வாக்களிக்கவில்லை. “நீயே சொல்லு” என்றேன்.

அவன் மருந்தக நண்பரைத் திரும்பிப் பார்த்து, “அந்த வளவில் வீடு கட்டுவீர்களா, மாமா?” என்று கேட்டான். “கட்டினால் வருவாயா?” என்றார் அவர். “வருவேன்” என்றான் பையன்.